இருபது காசும் கொண்டை ஊசியும் குற்றவாளி இல்லை

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தே முக்கால். துணி துவைக்கும் மெஷின் திரையில் ‘18 நிமிடம்’ என்று காட்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பதினெட்டு பதினேழாகும், மறுபடியும் பதினெட்டாகும். உள்ளே என் மனைவியின் தொழிற்சாலைச் சீருடை. காலை ஏழு மணிக்குப் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட். கதவு பூட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது. கடைசியில் தண்ணீர் வெளியேறவில்லை என்று ஒரு பிழைக்குறியைக் காட்டிவிட்டு, கீ கீ என்று கத்தியது.

முன்பக்கம் கதவு உள்ள இந்த பிரண்ட் லோட் மெஷினை வாங்கிப் பதினோரு மாதம்தான் ஆகிறது. வாரண்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் போன் போட்டேன். நாலு நாள் கழித்து ஒரு தம்பி வந்தார். கீழே இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, பக்கத்திலிருந்த கறுப்புக் குழாய் வழியாகத் தண்ணீரை வடித்து, ஃபில்டரைக் கழற்றினார். ஒரு இருபது காசு, ஒரு கொண்டை ஊசி. “இதான்ணே” என்றார். காசு அடைத்ததெல்லாம் வாரண்டியில் வராதாம். 90 வெள்ளி. அந்த ஃபில்டரை நீங்களே கழற்றலாம், பத்து நிமிட வேலை. கீழே ஒரு தட்டும் பழைய துண்டும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சமையலறை முழுக்கக் குளம்.

மூன்றாவது துவைப்பில் மறுபடியும் அதே பதினெட்டு நிமிடம்.

மறுபடி 90 வெள்ளி அழ மனசு வராமல், துணியை வாளியில் அள்ளிக்கொண்டு ஜெலுத்தோங்கில் வீட்டுக்குக் கீழேயே இருக்கிற காயின் டோபிக்கு, காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போனேன். அங்கே சவுக்காரத்தை மெஷினே ஊற்றிக்கொள்ளும், நம் கைக்கு வேலை இல்லை. போனில் சார்ஜ் இல்லாததால் வேறு வழியில்லாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துணி மேலே போகிறது, தொப்பென்று விழுகிறது. கண்ணாடியின் அடியில் விரல்கடை அளவுக்கு நுரை, அவ்வளவுதான். எங்கள் வீட்டு மெஷினில் பாதிக் கண்ணாடி வெள்ளையாக இருக்கும், துணியே தெரியாது. அதைப் பார்த்து நன்றாகத் துவைக்கிறது என்று பதினோரு மாதமாகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்!

வீட்டுக்கு வந்து ஒரு சோதனை. துவைத்து மடித்து வைத்திருந்த ஐந்து துண்டுகளைச் சவுக்காரம் எதுவும் போடாமல் மெஷினில் போட்டேன். பத்தாவது நிமிடம் கண்ணாடியில் கால்வாசிக்கு நுரை. சொட்டு சோப்பு ஊற்றவில்லை, எல்லாம் துண்டுக்குள் உட்கார்ந்திருந்த பழைய சோப்பு. துண்டு ஏன் அட்டை மாதிரி விறைக்கிறது, சட்டைக் கழுத்து ஏன் அரிக்கிறது, கதவு ரப்பரில் ஏன் அந்தப் புளித்த வாடை என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

விஷயம் இதுதான். இந்த மெஷின் பழைய மெஷின் மாதிரி தொட்டி நிறையத் தண்ணீர் பிடிக்காது. கொஞ்சத் தண்ணீரில் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத்தான் அழுக்கை எடுக்கிறது. நுரை கூடினால் துணி மெத்தையில் விழுகிற மாதிரி விழும், அடி படாது. பம்ப் தண்ணீரைத்தான் தள்ளும், நுரையைத் தள்ளத் திணறும். அலசி முடியவில்லை என்று மெஷினே புரிந்துகொண்டு மறுபடி மறுபடி அலசும். அதுதான் அந்த முடியாத பதினெட்டு நிமிடம். போதாததற்குப் பினாங்குத் தண்ணீர் பெரும்பாலும் மூடா ஆற்றுத் தண்ணீர், உப்பு குறைந்த மென்மையான தண்ணீர். கெட்டிலின் அடியில் வெள்ளை படியாத ஊரில் சவுக்காரம் சும்மாவே பொங்கும். நான் போட்டதோ, மலிவு விலையில் வந்த நாலு கிலோ சாதாரணத் தூள், அதுவும் இரண்டு கரண்டி.

சரி, தகுந்த சவுக்காரம் வாங்கலாம் என்று கிளம்பினால் அடுத்த அலைச்சல். இணையத்தில் பார்த்த கட்டுரையெல்லாம் வட்டத்துக்குள் ‘எச்இ’ என்று போட்ட சின்னத்தை, அதாவது கொஞ்சத் தண்ணீரில் துவைக்கும் மெஷினுக்கான சவுக்காரம் என்ற அடையாளத்தைத் தேடச் சொன்னது. பேரங்காடியில் முக்கால் மணி நேரம் ஒவ்வொரு போத்தலாகத் திருப்பிப் பார்த்தேன். அந்தச் சின்னம் அமெரிக்கச் சந்தைக்கானது, நம் ஊர் அலமாரியில் அதைத் தேடுவது வீண். அங்கே வேலை செய்த பெண்ணைக் கேட்டால், “சாமா ஜே, பாங்” என்று சொல்லிவிட்டு, சலுகை விலையில் இருந்த, மேலே திறக்கும் டாப் லோட் மெஷினுக்கான போத்தலைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எல்லாம் ஒன்றாம்! ஒன்றில்லை. இங்கே முன்பக்க அட்டையில் ‘பிரண்ட் லோட்’ என்றோ, நுரை குறைவு என்றோ எழுதியிருக்கும். அதை மட்டும் பாருங்கள், வாசனையும் பூப்படமும் அப்புறம்.

தூளா, திரவமா? நாம் பச்சைத் தண்ணீரில் துவைக்கிறவர்கள், திரவம் சுலபமாகக் கரையும். ஆனால் என் மெஷினில் இரண்டாம் எண் போட்ட அறையில் திரவத்துக்கென்று ஒரு சின்னத் தடுப்பு இருக்கிறது. அதை இறக்கி வைக்காததால் முதல் தடவை ஊற்றியதெல்லாம் துவைப்பு தொடங்கும் முன்பே உள்ளே ஓடிவிட்டது. பட்டு வேட்டியை மட்டும் இதில் போடாதீர்கள். கறை எடுக்கும் என்சைம் பட்டையும் கரைக்கப் பார்க்கும்.

அளவுதான் பெரிய சண்டை. மூடியின் விளிம்பு வரை ஊற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை, உள்ளே கோடு போட்டிருக்கிறது, அதுவும் வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். அதற்கும் கீழே, சுமார் இரண்டு மேசைக்கரண்டி, 30 மில்லி, எங்கள் ஐந்து பேர் துணிக்குப் போதுகிறது. அம்மா தோட்டத்தில் கல்லில் அடித்துத் துவைத்து வளர்ந்தவர். “நுரையே இல்லாம என்னடா துவைக்குது, தண்ணியில முக்கி எடுக்குதா?” என்றார். போதாக்குறைக்கு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போன வேட்டியிலிருந்த மஞ்சள் கறை துவைத்ததும் சிவப்பாகிவிட்டது. பழி புதுச் சவுக்காரத்தின் மேல். காரத்தன்மை உள்ள எந்தச் சவுக்காரம் பட்டாலும் மஞ்சள் சிவக்கும் என்று சொன்னால் கேட்கிற ஆளா? இரண்டு நாள் வெயிலில் போட்டேன், வெளுத்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சு இல்லை.

பழைய சோப்பை வெளியேற்ற, காலி மெஷினைச் சூடான தண்ணீரில் இரண்டு தடவை ஓட்டினேன். துண்டுகளை மூன்று தடவை சும்மா அலசினேன். நாலாவது தடவை கண்ணாடி தெளிவாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், “இதுக்கா எழுப்புனீங்க?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு எச்சரிக்கை: வாடை போக வினிகர் ஊற்று, குளோரின் ஊற்று என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், நச்சுவாயு வரும். ரப்பரைத் துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தாலே வாடை பாதி போகிறது. துண்டுக்கு மெதுப்பாக்கும் திரவத்தையும் நிறுத்திவிட்டேன், இப்போது ஈரத்தை நன்றாக உறிஞ்சுகிறது.

இப்போது அந்தப் பதினெட்டு நிமிடம் பதினெட்டு நிமிடத்திலேயே முடிகிறது. மீதி மூன்று கிலோ தூளைக் கீழ்வீட்டு அங்கிளுக்குக் கொடுத்துவிட்டேன். அவருடையது தொட்டி நிறையத் தண்ணீர் பிடிக்கும் பழைய டாப் லோட். “நல்லா நுரை வருதுப்பா” என்று நேற்று லிஃப்டில் சொன்னார்.