குழை தாழ்த்திய பாத்தியும் தாழ்த்தாத பாத்தியும்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வளவின் பின்புறம், கிணற்றடிக்கும் கிளுவை வேலிக்கும் இடையே கால் பரப்பு அளவில் வெறுமையாகக் கிடந்த செம்மண் நிலத்தில் நான் முதன்முதலாக மண்வெட்டி வைத்தது 2022 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில். உணவுத் தட்டுப்பாட்டின் காரணமாக, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கப்பட்ட காலம் அது. சோளகம் எனும் தென்மேற்குக் காற்று ஓயாமல் வீசிய அந்நாட்களில், காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றியும், கத்தரியும் வெண்டியும் நண்பகலில் துவண்டு, முழங்கால் உயரத்தை எட்டுமுன்னரே கருகிவிட்டன.

தண்ணீர் போதவில்லை என்றே முதலில் எண்ணினேன். ஊற்றிய தண்ணீர் வேரடியில் தங்கவில்லை என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். எங்கள் வலிகாமப் பகுதிச் செம்மண் நீரை விரைவாக உள்வாங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லுக்கு அனுப்பிவிடும் இயல்புடையது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத யாழ்ப்பாணத்தில் அந்தச் சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் மழைநீரே எங்கள் கிணற்று நீர். ஆகவே அளவுக்கு மிஞ்சி இடும் யூரியா, நைத்திரேற்றாக மாறி, இறைக்கும் தண்ணீரோடு கீழிறங்கி, குடிக்கும் கிணற்றுக்கே வந்து சேரும். பாத்தியிலிருந்து எங்கள் கிணறு பதினைந்து அடி தூரத்தில்தான் இருக்கிறது. யூரியாவைத் தொடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

வேரடியில் ஈரத்தைத் தங்கவைக்க, குழை தாழ்த்தி, அதாவது பச்சை இலைகளை மண்ணுக்குள் புதைத்துப் பார்க்க எண்ணி, 2023 புரட்டாதியில் பத்தடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட இரண்டு பாத்திகளை அருகருகே அமைத்தேன். முதலாவதில் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை அகற்றி, அடியில் காய்ந்த பனையோலைகளை நறுக்கிப் பரப்பி, அதன்மேல் பூவரசங்குழையையும் சீமைக்கிளுவைக் குழையையும் மிதித்து அடுக்கி, இரண்டு கடகம் (பனையோலைப் பெட்டி) மாட்டெரு இட்டு மூடினேன். இரண்டாவதற்கு அதே அளவு மாட்டெரு மாத்திரம் இட்டேன். வெங்காயச் செய்கையில் பழுத்த அனுபவமுள்ள அயல்வீட்டு ஐயா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, “தம்பி, தாட்ட குழை உக்க முந்திக் கன்றை வைச்சிடாதையும், வேர் அவிஞ்சு போகும்” என்றார். பச்சைக்குழை உக்கும்போது மண்ணில் சூடு எழும் என்பதை, பாத்திக்குள் கையை வைத்துப் பார்த்தபோது நானும் அறிந்துகொண்டேன்.

நாற்று மேடையில்தான் தவறு நேர்ந்தது. ஐப்பசியில் கத்தரி விதையை நெருக்கமாகத் தூவிவிட்டேன்; அதன்மேல் கார்த்திகை அடைமழையும் சேர்ந்துகொள்ள, நாற்றுகள் தண்டடியில் அழுகி மூன்று நாட்களுக்குள் சாய்ந்தன. ஒரு மேடை முழுவதும் அப்படிச் சாய்ந்து கிடந்ததைக் கண்டபோது மனம் மிகவும் வருந்தியது. மாரியில் மேடையை அரை அடியாவது உயர்த்த வேண்டும், விதைகளை வரிசையில் இடைவெளி விட்டு இட வேண்டும். மார்கழியில் அவ்வாறே மீண்டும் விதைத்து, தை மாத இறுதியில் இரண்டு பாத்திகளிலும் பன்னிரண்டு கன்றுகள் வீதம் நட்டேன்.

மாசி பிறந்து மழை நின்றபின் வேறுபாடு தெளிவாகத் தெரியத் தொடங்கியது. குழை தாழ்த்தாத பாத்திக்கு நாள்தோறும் ஐந்து வாளி தண்ணீர் வேண்டியிருந்தது; அப்படியிருந்தும் உச்சிவெயிலில் இலைகள் தொங்கின. குழை தாழ்த்திய பாத்திக்கோ அதே ஐந்து வாளியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினேன்; பங்குனியில் சில வாரங்கள் இரண்டு நாட்கள் விட்டும் ஊற்றினேன், வாட்டம் இல்லை. பங்குனி நடுப்பகுதியில் முதற்காய் பறித்ததிலிருந்து சித்திரை முடியும்வரை குறிப்பேட்டில் எழுதி வந்த கணக்கின்படி முதற் பாத்தி பதினொரு கிலோவும் மற்றது ஆறரைக் கிலோவும் தந்தன. ஒரே ஒரு பருவத்தின் கணக்கு இது என்பதால் இதைப் பெரிதாக்கிக் கூற விரும்பவில்லை. ஆனால் மிச்சமான தண்ணீரை என் கைகளே நன்கறியும்.

வேலியோரப் பந்தலில் படர்ந்த பாகலுக்குப் பழ ஈதான் பெருந்தொல்லை. அது பிஞ்சில் துளையிட்டு முட்டை வைப்பதால், காய் முற்றுமுன்னரே மஞ்சளாகி உள்ளே புழுக்கள் நெளியும். பிஞ்சு விரலளவு வரும்போதே பழைய பத்திரிகைத் தாளைக் கூம்பாகச் சுற்றி நூலால் கட்டினேன். விழுந்த காய்களைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டேன். தாள் சுற்றியவற்றில் பெரும்பாலானவை தப்பின.

கறிவேப்பிலைக் கன்றின் இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்பு மாத்திரம் பச்சையாக நின்றது. அலவாங்கால் (கடப்பாரையால்) குத்திப் பார்த்தேன், இரண்டடியிலேயே வெள்ளைக்கல். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்தை வேர் உறிஞ்ச இயலாததன் அடையாளம் அது. சுற்றிலும் குழி தோண்டி உக்கிய குழையை நிரப்பினேன். இப்போது வரும் தளிர்கள் ஓரளவு பச்சையாக இருக்கின்றன. வல்லாரைக்கு எந்த உழைப்பும் வேண்டியிருக்கவில்லை. கிணற்றடித் தண்ணீர் ஓடும் கதலி வாழையின் நிழலில் அது தானாகவே படர்ந்து, வாரம் ஒருமுறை சம்பலுக்கு உதவுகிறது.

வைகாசியில் முதற் பாத்தியின் ஒரு மூலையைத் தோண்டிப் பார்த்தேன். பூவரசங்குழை அடையாளமின்றி மண்ணோடு கலந்திருந்தது. பனையோலை மட்டும் கறுத்து, பிழிந்தால் நீர் சொட்டுமளவு ஈரத்தோடு கிடக்க, அதனூடே மண்புழுக்கள் ஓடின. ஆவணியில் இரண்டாவது பாத்திக்கும் தாழ்ப்பதற்காக, விழும் காவோலைகளை, அதாவது காய்ந்த பனையோலைகளை, எரிக்காமல் மாட்டுக் கொட்டிலின் பின்னால் அடுக்கி வருகிறேன்.