தலைப்பாகையும் தண்டவாளமும்

சனிக்கிழமை காலை. எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் எல்லாம் டியூஷனுக்குப் போய்விட்டார்கள். என் மகள் மட்டும் கொத்து வேலை செய்கிற மேசன் பாஸிடம் இரவல் வாங்கிய, மட்டம் பார்க்கிற டியூப்பை இழுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் அவளுக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வேறு. பக்கத்துக் காம்பரா அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது.

எல்லாம் அவள் அப்பாவால் வந்தது. இலங்கை மலையகத்தில் பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ரயிலில் போனபோது, தெமோதரை ஸ்டேஷனில் வண்டி நின்றது. மனுஷன் சும்மா இருக்கவில்லை. "இப்ப நிக்கிறோம்ல, கொஞ்ச நேரத்தில இந்த ஸ்டேஷனுக்கு அடியிலதான் போகப்போறோம்" என்றார். மகள் நம்பவில்லை. வண்டி மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிச் சுரங்கத்துக்குள் நுழைந்தபோதும் நம்பவில்லை. உள்ளே இருட்டு, மேலே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்றாள். நியாயம்தானே?

அடுத்த முறை தெமோதரையிலேயே இறங்கிக்கொண்டோம். வண்டி புறப்பட்டதும் எண்ணத் தொடங்கினாள். சத்தம் தூரத்தில் தேய்ந்து, மறைந்து, இருநூறைத் தாண்டி அவள் எண்ணிக்கையை விட்டபிறகு, காலுக்குக் கீழிருந்து கடகடவென்று வந்தது. அவள் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் உண்மையான கேள்வி வந்தது: "நேரா இறங்கினா என்னவாம்?"

பதில் எனக்கும் சரியாகத் தெரியாது. தேடிப் படித்ததில் தெரிந்தது இவ்வளவுதான். நம் மலைப்பாதையில் 44 அடி தூரத்துக்குள் 1 அடிக்கு மேல் ரயில் ஏறக்கூடாது, இறங்கவும் கூடாது. சரிவு அதைவிடக் கூடினால் பாதையை வளைத்து நீளமாக்க வேண்டும். 1894இல் பண்டாரவளைக்கு வந்த தண்டவாளம் பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. இதையெல்லாம் நான் வாசித்துக் காட்டினேன், அவள் கொட்டாவி விட்டாள்.

விளங்க வைத்தது என் அம்மாதான். அறுபது வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் வகுப்போடு நின்று மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவர். "கொழுந்துக் கூடையத் தூக்கிக்கிட்டுக் குறுக்கில ஏறிப்பாரு, நெஞ்சு வெடிக்கும். ரோட்டோட சுத்திப் போனா தூரம், ஆனா மூச்சு வாங்காது. ரயிலுக்கும் நெஞ்சு இருக்குல்ல?" என்றார். அதோடு விடவில்லை. கொழுந்து எடுக்கும்போது மட்டம் பார்க்கிற பழைய மட்டக்கம்பைத் தேடி எடுத்துக் கொடுத்து, பாதையை அளந்து பார்க்கச் சொன்னார்.

அப்படித்தான் டியூப் வந்தது: அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தண்ணீர் நிரப்பிய டியூப்பின் ஒரு முனையை மகளும் மறுமுனையை நானும் பிடிக்க, பதினோரு அடி பதினோரு அடியாக நாலு தடவை, மொத்தம் நாற்பத்து நாலு அடி அளந்தோம். முதல் கணக்கில் நாலு அடிதான் ஏற்றம் என்று வந்தது. ஏறிப் பழகிய காலுக்குத் தெரியாதா, அது தப்பென்று? டியூப்புக்குள் ஒரு காற்றுக் குமிழி ஒளிந்திருந்தது. அதைத் தட்டித் தட்டி வெளியேற்றி மறுபடி அளந்தால் ஒன்பது அடி. ஒன்பதை நாற்பத்து நாலால் பெருக்கினாள்: அவ்வளவு ஏற ரயிலுக்கு 396 அடி பாதை வேண்டும். "அப்ப நம்ம லயத்துக்கு ரயில் வரணும்னா கோயில வேற சுத்திட்டு வரணும்" என்றாள்.

பிள்ளையின் கேள்வியையே பாடமாக்கிக்கொண்டு போகிற இந்த முறைக்கு ஜோன் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் 1970களில் 'அன்ஸ்கூலிங்' என்று பெயர் வைத்தார். அம்மாவிடம் சொன்னேன். "பள்ளிக்கூடம் போகாததுக்கு ஒரு பேரா? அதத்தானே நாங்க காலங்காலமா செஞ்சோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. இங்கே 16 வயது வரை கல்வி கட்டாயம், மகள் பள்ளிக்கூடம் போகிறாள், அதை நிறுத்தும் எண்ணமும் இல்லை. எங்கள் ஆட்கள் ஒரு வகுப்பறைக்காக எத்தனை தலைமுறை காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமையை மட்டும்தான் டியூஷனிடமிருந்து பிடுங்கி வைத்திருக்கிறேன்.

தெமோதரைக்கு ஒரு கதையும் உண்டு. வழி தெரியாமல் திகைத்து நின்ற பொறியியலாளர் ஒருவர், வேலையாட்களை மேற்பார்க்கிற ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவதைப் பார்த்து இந்தச் சுற்றைக் கண்டுபிடித்தாராம். நடந்ததோ இல்லையோ, மகளுக்கு அது போதவில்லை. கங்காணியின் பெயர் என்ன என்று கேட்டாள். கதை சொல்கிறவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. "கங்காணி பேரு எதுக்கு அவங்களுக்கு?" என்றார் அம்மா. அப்புறம் தன் துண்டை உதறி, மகளின் தலையில் ஒரு சுற்று, அதன் மேல் இன்னொரு சுற்று என்று கட்டிக் காட்டினார்.

அந்தக் கோலத்தோடு அவள் வாசலில் நின்றபோதுதான் மேசன் பாஸ் டியூப்பைக் கேட்டு வந்தார். மகளுக்கு இன்னும் ஒரு நாள் வேண்டுமாம். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குப் போகிற பாதை பாக்கி இருக்கிறதாம்.