பாட்டியின் சட்டி: ஆகஸ்ட் குறிப்புகள்

ஆகஸ்ட் 4, மாங்க்டன், கனடா

பாட்டியின் அலுமினியச் சட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன். அடியில் மூன்று ஒடுக்கு. தொட்ட பொருளின் அதிர்வைப் பிடிக்கும் காண்டாக்ட் மைக்கை உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி, மரக்கரண்டியால் தட்டினேன். முதலில் 'டங்', அப்புறம் ஒரு ரீங்காரம், கடைசியில் சுருதி கொஞ்சம் கீழே சரிகிறது. அந்தச் சரிவை வயலினில் பிடிக்கப் பார்த்தேன். ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

15ஆம் தேதி அக்காடியர் தேசிய நாள். கனடாவின் கிழக்குக் கரையில் பிரெஞ்சு பேசும் எங்கள் மக்கள்தான் அக்காடியர். சட்டி, ஊதல், கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்குவோம். தேந்தமார் என்று பெயர். நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று சொல்கிற சத்தம். அதைத்தான் இசையும் நிறுவல்கலையுமாகச் செய்யப் போகிறேன். முன்னோர் காலத்து வழக்கம் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 7

பாட்டி சிரித்துவிட்டார். "முன்னோரா? அந்த முன்னோர் நான்தான்!"

1955. பிரிட்டிஷார் எங்கள் மக்களை நாடு கடத்தியதன் 200ஆம் ஆண்டு. பாட்டிக்குப் பத்து வயது. கோயில் மணி அடித்ததும் குடும்பத்தோடு முழங்காலிட்டு ஜெபம் சொல்லுங்கள், அப்புறம் ஒலிக்கக்கூடியதை எல்லாம் ஒலிக்கவிடுங்கள் என்று மாங்க்டன் பேராயர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

"நீங்களும் அடிச்சீங்களா?"

"அடிச்சேன். அம்மா கரண்டியைப் பிடுங்கிட்டாங்க."

"ஏன்?"

"சட்டி ஒடுங்கிடுமே."

1979இல் காராக்கெட் ஊர் அதைத் திரும்ப எடுத்துப் பெரிதாக்கியது. இன்று நாம் பார்க்கும் தேந்தமாரின் வயது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 8

தூக்கம் வரவில்லை. 1755இல் பிரிட்டிஷ் படை எங்கள் ஆட்களைக் கப்பலேற்றத் தொடங்கியபோது காட்டுக்குள் ஓடியவர்கள் உண்டு. இந்த மண்ணின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்கள் பலருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். ஒளிந்திருப்பவர் சட்டியையா தட்டியிருப்பார்? குழந்தை அழுதால் வாயைப் பொத்தியிருப்பார். மூச்சு விடாமல் இருந்ததால் பிழைத்தவர்களை வருஷம் தவறாமல் ஊரைக் கூட்டி நினைக்கிறோம். அடைக்கலம் கொடுத்தவர்களின் பேச்சு அந்தக் கூச்சலில் எங்கே கேட்கிறது?

ஆகஸ்ட் 10

ஒரு வானொலிக்குப் பேட்டி. பாதியில் நிறுத்தி, "நல்ல பிரெஞ்சில் இன்னொரு முறை சொல்லுங்களேன்" என்றார்கள். நான் பேசியது ஷியாக், ஆங்கிலம் கலந்த எங்கள் ஊர்ப் பிரெஞ்சு. வண்டியை நிறுத்துவதற்கான ஆங்கில 'பார்க்'குக்குப் பிரெஞ்சு வால் ஒட்டி 'பார்க்கே' என்போம். வீட்டிலும் தெருவிலும் இதுதான். எங்களை வெளியேற்றியதில் பங்குள்ள பிரிட்டிஷ் படை அதிகாரி ராபர்ட் மாங்க்டன் பெயரை ஊருக்கே வைத்துக்கொண்டு தினமும் சொல்கிறோம். அது உறுத்தவில்லை, என் 'பார்க்கே' உறுத்துகிறது! திரும்பச் சொல்ல மாட்டேன் என்றேன். ஒலிபரப்புவார்களா, தெரியாது.

ஆகஸ்ட் 15, காராக்கெட்

வடக்கே ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம். தேந்தமார் தொடங்குவது மாலை 5:55க்கு. 24 மணிக் கணக்கில் 17:55. ஆண்டை நேரமாக்கிவிட்டார்கள், இது யார் மூளையோ, எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் தட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மைக் ஒட்டிய சட்டியை நெஞ்சோடு அணைத்து நின்றால் கூட்டத்தின் சத்தத்தில் அதுவே அதிரும். அதிர்ந்தது. ஹெட்ஃபோனில் தூரத்துக் கடல் மாதிரி. பிரெஞ்சு மூவர்ணத்தில் மஞ்சள் நட்சத்திரம் வைத்த எங்கள் கொடியை முகத்தில் வரைந்த ஒரு பொடியன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டி வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறேனே! கடைசியில் தன் கரண்டியை நீட்டினான்.

சரி, வாங்கினேன். அடித்தேன். கை வலிக்கும்வரை அடித்தேன். அழுகைகூட வந்தது, அதை எங்கே எழுதுவது.

ஆகஸ்ட் 16

பதிவைக் கேட்டேன். பதினொரு நிமிடம் அந்த முணுமுணுப்பு, அருமை. அதன்பின் நான் அடித்த இடம் முழுக்க ஒலி உடைந்து, வெறும் கரகரப்பு. உடைந்ததையும் வெட்டாமல் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

பாட்டி போன் செய்தார். ஃப்ரிக்கோ குழம்பு வைக்கச் சட்டி வேண்டுமாம். ஒடுக்கு நான்காகிவிட்டதை இன்னும் சொல்லவில்லை.