வால்யூம் கன்ட்ரோல் வைத்த துப்பாக்கி

புதுச்சேரியில் மூடிக் கிடந்த ஒரு வீடியோ கேம் கடையின் சாமான்களைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார்கள் என்று மச்சான் போனில் சொன்னதும் கிளம்பிவிட்டேன். இரண்டு மெஷின் கன் இருந்தன. ஒன்றை 700 ரூபாய்க்குப் பேசி, சாக்கில் சுற்றி, கடலூர் பஸ் ஏறினேன். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் சரக்கு பாட்டில் தேடி ஏறிய காவலர் சாக்கைத் திறந்தார். உள்ளே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வெளையாட்டு சாமான் சார்" என்று டிரிக்கரை நாலு தடவை டிக் டிக்கென்று அழுத்திக் காட்டிய பிறகுதான் பஸ் நகர்ந்தது.

சின்ன வயதில் டிவி கேம் துப்பாக்கியால் வாத்து சுட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை எடுத்துக்கொண்டுபோய் எல்சிடி மானிட்டர் முன்னால் நிற்காதீர்கள். டிரிக்கரை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் கண்ணிமைக்கும் நேரம் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் உள்ள சென்சார் அதைப் பார்த்தால் வாத்து விழும். பிக்சர் டியூப் டிவி அந்தக் கட்டத்தை உடனுக்குடன் போட்டுவிடும். எல்சிடி போடுவதற்குள் சென்சார் பார்த்து முடித்திருக்கும்.

நான் வாங்கியது வேறு ஜாதி. 1987ல் டைட்டோ கம்பெனி வெளியிட்ட ஆபரேஷன் வுல்ஃப் கேமில் இருந்தது போல, கேம் பெட்டியோடு சேர்த்துப் பொருத்திய துப்பாக்கி. திரையில் என்ன ஓடுகிறது என்பதே இதற்குத் தெரியாது. அடியில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமாக பாட்: ஒன்று இடம் வலம், ஒன்று மேல் கீழ். ரேடியோவில் வால்யூம் திருகுவோமே, அதேதான். அதனால் எந்தத் திரையிலும் ஓடும்.

துப்பாக்கியைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பழைய கேம் ஆட, ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு வாங்கினேன். ஆர்டுயினோவிலேயே ஊனோ என்ற போர்டு சரிப்படாது; லியோனார்டோவில் உள்ள 32யு4 சிப்தான் யுஎஸ்பியில் செருகியதும் "நான் ஜாய்ஸ்டிக்" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்ளும். பாட்டின் ஓரக்கால்களில் 5 வோல்ட்டும் கிரவுண்டும், நடுக்காலிலிருந்து ஒரு ஒயர் போர்டின் ஏ0 பின்னுக்கு. இன்னொரு பாட் ஏ1க்கு. டிரிக்கர் சுவிட்ச் பின் 2க்கும் கிரவுண்டுக்கும். ஒரே மாலையில் முடிந்தது.

திரையில் குறி மட்டும் காய்ச்சல் வந்தவன் கை மாதிரி நடுங்கியது. பாட்டைக் கழற்றினால் உப்புக்காற்றில் கால்கள் பச்சை பூத்திருந்தன. கடைக்குப் போய், "அண்ணே, 5கே வால்யூம் கன்ட்ரோல் ரெண்டு" என்றேன். 5கே என்றால் 5 கிலோ ஓம். வந்து மாட்டினேன். நடுக்கம் போச்சு. ஆனால் குறி இடதுபக்கம் நத்தையாக ஊர்ந்தது, வலதுபக்கம் ஒரே தாவு. பாட் எங்கே நிற்கிறது என்பதைப் போர்டு 0 முதல் 1023 வரை எண்ணாகப் படிக்கும். நடுவில் நிறுத்தினால் 512க்குப் பக்கத்தில் வரவேண்டிய ரீடிங் 140 காட்டியது. இரண்டு ராத்திரி போர்டில் ஏற்றிய புரோகிராமில் தப்பு தேடினேன். கடைசியில் செல்போன் டார்ச் அடித்துப் பாட்டின் முதுகைப் பார்த்தால் 'ஏ5கே'. ஏ என்றால் காதுக்குத் தோதாக வளைந்து ஏறும் ரகம். சீராக ஏறுவது பி. திரும்பப் போனேன். "வால்யூமுன்னு கேட்டா வால்யூம்தான தம்பி குடுப்பேன்?" என்றார். நியாயம்தான்.

பி5கே மாட்டியதும் வேறொன்று தெரிந்தது. துப்பாக்கி திரும்புவதே கொஞ்சம். 0 முதல் 1023 வரை போகவேண்டிய ரீடிங் 391க்கும் 648க்கும் நடுவிலேயே நின்றது. அந்தத் துண்டை முழுத்திரைக்கும் புரோகிராமில் விரித்தேன். மேல் கீழுக்குத் தனிக் கணக்கு.

அப்புறமும் குறி திரை நடுவில் பசை போட்டது போல ஒட்டியது. இது மேம் எமுலேட்டரின் வேலை; பழைய கடை கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் சாஃப்ட்வேர் அது. ஜாய்ஸ்டிக் நடுவில் லேசாக அசைந்தால் கண்டுகொள்ளாமல் விட அதில் டெட்ஸோன் வைத்திருக்கிறார்கள். ஜாய்ஸ்டிக்குக்கு அது நல்லது, துப்பாக்கிக்கு வினை. மேமின் செட்டிங்ஸ் இருக்கும் ஐஎன்ஐ ஃபைலில் ஜாய்ஸ்டிக் டெட்ஸோனை 0 ஆக்கி, எவ்வளவு திருப்பினால் முழுசாகத் திருப்பியதாகக் கணக்கு என்று சொல்லும் சாச்சுரேஷனை 1 ஆக்கியதும் வழிக்கு வந்தது.

துப்பாக்கிக்குள், சுடும்போது அதிர, ஒரு 24 வோல்ட் சாலினாய்டு இருக்கிறது; கரண்ட் வந்தால் இரும்புத் தண்டை இழுத்து அடிக்கும் காயில். நேராகப் போர்டில் கொடுத்தால் போர்டு போய்விடும். நடுவில் சுவிட்ச் மாதிரி மாஸ்ஃபெட் போட்டு, அணையும்போது எகிறும் வோல்டேஜைத் தடுக்க சாலினாய்டுக்குக் குறுக்கே 1என்4007 டயோடைத் தலைகீழாக வைத்து, துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசையில் கிளாம்ப் போட்டு முடுக்கி, மதியம் மூன்று மணிக்கு ஒரு சுற்று சுட்டேன்.

உள் அறையிலிருந்து அம்மா குரல்: "யாருடா அது, கதவ இப்பிடி இடிக்கிறது?"

சாலினாய்டு ஒயரை மட்டும் பிடுங்கி வைத்திருக்கிறேன்.