கரையில் ஓடும், கடலில் நிற்கும்: ஒரு பழைய படகு என்ஜின்

பழவேற்காட்டில் மாமாவிடம் ஒரு பழைய ஃபைபர் படகு இருக்கிறது. லீவு நாளில் அதன் டீசல் என்ஜினைக் கழற்றி மாட்டுவதுதான் என் பொழுதுபோக்கு. இந்த முறை வந்த கோளாறு கொஞ்சம் விசித்திரம். கரையில் கட்டிப்போட்டு அரை மணி நேரம் ஓட்டினாலும் முரண்டு பிடிக்காது. ஏரியைத் தாண்டி, அது கடலில் சேருகிற முகத்துவாரத்துப் பக்கம் போனதும் சத்தம் ஏறி இறங்கும், அப்புறம் நின்றுவிடும். சற்றுப் பொறுத்து ஸ்டார்ட் செய்தால் சமர்த்தாகக் கிளம்பும். முகத்துவாரத்தில் என்ஜின் நின்றால் அலை படகைக் குறுக்கே திருப்பிவிடும். தள்ளிப்போடுகிற வேலையில்லை.

கரையில் கேட்டால் எல்லாரும் "பம்ப் போச்சு தம்பி" என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. காற்று போதாமலோ பாரம் கூடியோ திணறினால் கரும்புகை வரும். ஆயில் எரிந்தால் நீலப்புகை. இது புகையே இல்லாமல் நின்றது. டீசல் வரத்து குறைந்தால்தான் இப்படி நிற்கும்.

செலவில்லாத சோதனையில் ஆரம்பித்தேன். நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்தேன். காற்றுத் துளை அடைத்திருந்தால் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும். இழுக்கவில்லை.

அடுத்து, டேங்கை ஒதுக்கிவிட்டு ஒரு கேனிலிருந்து, டீசலை இழுத்து என்ஜினுக்கு அனுப்புகிற ஃபீட் பம்புக்கு நேராக ஓஸ் கொடுத்தேன். கேனை உயரத்தில் மாட்டினால் டீசல் தானாக இறங்கும், ஃபீட் பம்ப் இழுக்கிறதா என்பது தெரியாமலே போய்விடும். அதனால் டேங்க் மட்டத்திலேயே வைத்தேன். ஓஸ் கண்ணாடி மாதிரி தெரிகிற ரகம், காற்றுக் குமிழி வந்தால் பார்த்துவிடலாம். அதே முகத்துவாரம், அதே அலை, என்ஜின் நிற்கவே இல்லை. குமிழியும் இல்லை. ஆக பம்ப், டீசலைப் பீய்ச்சுகிற நாசில் எல்லாம் சுத்தம். கோளாறு டேங்க் பக்கம்தான்.

டேங்கைக் காலி செய்தபோது அடியில் தண்ணீர், அதன்மேல் கறுப்பாக வழவழவென்று ஒரு கசடு. டீசலும் தண்ணீரும் சேருகிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து உண்டாவது அது. உறிஞ்சு குழாயின் சல்லடையிலும் அப்பியிருந்தது. கரையில் ஆட்டமில்லாததால் கசடு அடியில் படுத்துக் கிடக்கும். அலையில் கலங்கி மேலே வந்து சல்லடையை அடைக்கும். என்ஜின் நின்றால் இழுப்பு நின்று கசடும் உதிர்ந்துவிடும், மறுபடி ஓடும். பம்பை மாற்றியிருந்தால் பணம்தான் போயிருக்கும்.

டேங்கைக் கழுவிக் காயவைத்தேன். உறிஞ்சு குழாயை அடியிலிருந்து ஒரு அங்குலம் உயர்த்தினேன். புது ஃபில்டர், அதற்கு முன்னால் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்க ஒரு வாட்டர் செப்பரேட்டர். பிறகு ஏர் எடுக்க, அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்: ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழியில்லாமல் டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து, வழியும்போதே முடுக்க வேண்டும். அரைகுறை டேங்கில் ராத்திரி ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகிவிடுவதால், படகைக் கட்டும்போது டேங்கை நிரப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். டீசல் விற்கிற விலையில் மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

இப்போது முகத்துவாரம் தாண்டியும் ஓடுகிறது. வால்வைத் திறக்கிற டாப்பெட்டின் சத்தம் மட்டும் பாக்கி. என்ஜின் நன்றாக ஆறியபின் அடுத்த வாரம் கேஜ் வைத்து அதன் இடைவெளியைப் பார்க்கணும்.