வழக்கு என்றால் சண்டை

கல்யாணமாகி சின்னமனூரிலிருந்து குமுளிக்கு வந்து 11 வருடம் ஆகிறது. நாற்பது கிலோமீட்டர் இருக்கும். "நீ என்ன துபாய்க்கா போயிருக்க, பஸ் ஏறினா வந்துரலாம்" என்று அம்மா இன்றும் சொல்வாள். துபாய்க்குப் போன என் சித்தி மகளுக்கு அங்கே சுற்றிலும் தமிழ்ப் பேச்சு. எனக்கு இங்கே ரேஷன் கார்டு கைக்கு வரவே ஒரு வருடம் ஓடிவிட்டது.

1956 மாநிலப் பிரிவினையில் பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தோடு நின்றன. குமுளி பீர்மேடு தாலுகா. பாதிக் கடைக்காரர்கள் தமிழ் பேசுவார்கள். ஆனாலும் நான் 'பாண்டிக்காரி'தான். பாசமாகவும் சொல்வார்கள், பாசமில்லாமலும் சொல்வார்கள். குரலை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். வந்த புதிதில் டீக்கடையில் "வெள்ளம் வேணோ?" என்று கேட்டபோது வாசலைத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீரைத்தான் கேட்டிருக்கிறார். சரி, அப்படியானால் வெள்ளமடி என்றால் தண்ணீர் குடிப்பதாக்கும் என்று நினைத்தேன். அது சாராயம் குடிப்பது.

அந்த வெள்ளமடிக்கு மட்டும் எல்லை ஒரு பொருட்டே இல்லை. கேரளத்தில் மாதம் 1ஆம் தேதி மதுக்கடை மூடியிருக்கும். அன்று சாயங்காலம் செக்போஸ்ட்டைத் தாண்டி டாஸ்மாக் தேடி ஒரு கூட்டம் கீழே இறங்கும். திருவள்ளுவர் தினத்தன்றும் வள்ளலார் நினைவு நாளன்றும் அங்கே கடை மூடும்போது கீழேயிருந்து ஒரு கூட்டம் மேலே ஏறும். கள் அங்கே கூடாது, இங்கே லைசென்ஸ் கடையில் கிடைக்கும். எந்த நாளில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஆண்களுக்குக் காலண்டர் பார்க்காமலே தெரியும்.

குடியாலும் அடியாலும் அவதிப்படும் வீடுகளுக்காக மொழிபெயர்க்கும் இந்த வேலைக்குள் நான் வந்தது மொழியால். பக்கத்து வீட்டுச் சேச்சி குடிமீட்பு அமைப்பு ஒன்றில் ஆலோசகர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலத்தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் முகாம். வேலைக்காரப் பெண்கள் பெரும்பாலும் கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி வருபவர்கள். தமிழ் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று என்னைக் கூட்டிப்போனார். (இனி வரும் அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

சேச்சி ஒரு அக்காவிடம் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "வீட்டில் வழக்குண்டோ?"

"ஐயோ, வழக்கெல்லாம் இல்லைம்மா. ஸ்டேஷன் பக்கமே போனதில்லை."

சேச்சி 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். மலையாளத்தில் வழக்கு என்றால் சண்டை, சச்சரவு. கோர்ட்டில் நடப்பதை அவர்கள் கேஸ் என்பார்கள். எனக்கு அது உறைக்கவே ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடமும் நான் அக்காவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலைக்கு மேல் போட்டிருந்த முழுக்கைச் சட்டையின் இடது கை மட்டும் மடிக்கப்படவில்லை. டீயை வலது கையால் வாங்கினாள். டம்ளரை இறக்கி வைத்துவிட்டு, அதே கையால் பன்னை எடுத்தாள். பன்னைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் டம்ளர். இடது கை மடியைவிட்டு அசையவே இல்லை.

"அக்கா, அண்ணன் கை நீட்டுவாராக்கும்?" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டேன்.

"குடிச்சா யாருதான் நீட்டாம இருக்கா?" என்றாள்.

அடுத்த மாதமே நானும் சறுக்கினேன். கீழே தமிழ்நாட்டுப் பக்கம் வாக்கப்பட்ட ஒரு மலையாளிப் பெண் போனில் "என்னெ தல்லி" என்றாள். 'தள்ளிவிட்டாராம்' என்று கீழேயுள்ள பெண்கள் அமைப்புக்குச் சொல்லிவிட்டேன். தல்லி என்றால் அடித்தார். ஒரு வாரம் கழித்துத்தான் அதைத் திருத்த முடிந்தது. அன்று முதல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

'மேலே', 'கீழே' என்று நான் சொல்வது இரண்டு தொண்டு அமைப்புகளை. மேலே கேரளத்தில் உள்ளது சேச்சியின் குடிமீட்பு அமைப்பு, கீழே தமிழ்நாட்டில் உள்ளது பெண்களுக்கானது. அந்த அக்கா அடி வாங்குவது தமிழ்நாட்டில், கூலி வாங்குவது கேரளத்தில். முதலில் புகார் கொடுக்கப் போன இடத்தில் 'உங்க ஊர்ல போய்க் கொடுங்க' என்றார்கள். ஊரில் கொடுத்தால் அன்று ராத்திரிக்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். கீழேயுள்ள டீச்சரம்மாதான் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 27ஐ எடுத்துக் காட்டினார். பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ குடியிருக்கும் ஊர் மட்டுமில்லை, அவள் வேலை பார்க்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமும் மனு போடலாம். அங்கே வாங்கிய உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். அப்புறம் 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும். சட்டம் மலை ஏறி இறங்கத் தயார்தான், மேஜைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

இரண்டு அமைப்புகளுக்கும் ஆரம்பத்தில் ஆகவே ஆகாது. மேலே இருப்பவர்களுக்கு அக்காவின் புருஷன் நோயாளி, கீழே இருப்பவர்களுக்கு அவர் அடிக்கிறவர். ஒரு கூட்டத்தில் டீச்சரம்மா கேட்டார்: "குடிச்சா கண்ணு மண்ணு தெரியாதுங்கிறீங்க. அதே போதையில கங்காணியை ஒரு நாளாவது அடிச்சிருக்காரா? அவரு மட்டும் எப்படிக் கண்ணுக்குத் தெரியுறாரு?" சேச்சி பதில் சொல்லவில்லை. நான் அதை மலையாளத்தில் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் கீழேயும் கற்றுக்கொள்ள வேண்டியது இருந்தது. 'பாட்டிலை உடை, ரூமில் போட்டுப் பூட்டு' என்று மனைவிமாருக்கு யோசனை சொல்பவர்கள் அங்கே இருந்தார்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி பிசகி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும், உயிரே போகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்குமே, அந்தப் பொடியை அக்காவும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். சேச்சி அதை வாங்கி வாஷ்பேசினில் கொட்டினார். அதில் என்ன மருந்து இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? குடியை வெறுக்க வைக்கும் மருந்தை ஆளுக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம்.

நாங்கள் அதிகம் மல்லுக்கட்டியது பைஸ்டாண்டர் விஷயத்தில். கேரளத்து ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவரை அப்படித்தான் சொல்வார்கள். ஆள் இல்லாமல் படுக்கை தர மாட்டார்கள். சொந்தக்காரர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அவர் மேலே சேர ஒத்துக்கொண்டார். பைஸ்டாண்டர் யார் என்று கேட்டதும் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அடி வாங்கிய கையால் 21 நாள் கஞ்சி ஊட்ட வேண்டும், 21 நாள் கூலியும் போகும். டீச்சரம்மா ஒரே பிடியாக நின்றார். கடைசியில் குடியை விட்டு நான்கு வருடமான ஒருவர் துணைக்கு இருந்தார். குடியை விட நினைப்பவர்கள் தமக்குள் கூடும் ஏ.ஏ. கூட்டம் 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது, வீட்டாருக்கான அல்-அனான் 1951இல்தான் வந்தது என்று எங்கோ படித்துச் சொன்னேன். "பதினாறு வருஷம் வாசல்ல நின்னுருக்காளுக" என்றார் டீச்சரம்மா.

இப்போது எந்தத் தகவல் எல்லை தாண்டலாம் என்று இரண்டு மொழியிலும் ஒரு தாள் இருக்கிறது. அவர் சிகிச்சையிலிருந்து பாதியில் கிளம்பினால் மேலேயிருந்து உடனே கீழே போன் வர வேண்டும். அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்பது கீழேயிருந்து மேலே வரவே கூடாது. அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் போகாது.

எங்கள் மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள்தான் திறப்பார்கள். அதற்காக இடுக்கி, தேனி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து உட்கார்ந்து பேசும். கண்ணகிக்கு வருடத்தில் ஒரு நாள். மற்றவளுகளுக்கு வாட்ஸ்அப் குழுதான்.

அவர் குடியை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. அடிக்கவில்லை. ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தை அவரே எண்ணி வாங்குகிறார். ஜீப் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று டிரைவருக்குப் போன் போடுகிறார். சேச்சியின் தாளில் 'நல்ல முன்னேற்றம்'. டீச்சரம்மாவின் தாளில் கேள்விக்குறி. இரண்டையும் நான்தான் மொழிபெயர்க்கிறேன்.

அக்காவின் மஞ்சப்பை ஒன்று இந்தப் பக்கம் ஒரு தையல் கடையில், வெட்டுத்துணிகளுக்குப் பின்னால் தொங்குகிறது. எந்தக் கடை என்று கேட்காதீர்கள். இரண்டு சேலை, ஆதார் நகல், பையனின் பள்ளிக்கூடத் தாள்கள், 1,500 ரூபாய். வீரபாண்டித் திருவிழாவுக்கு வாடாமல்லி நிறச் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை காலை ஜீப்பை விட்டு இறங்கியதும், துவைத்து மடித்த அதே சேலையைக் கொண்டுவந்து பைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.