வலது டேங்க் ஊசி ஏன் ஆடியது

கொஞ்ச நாள் முன்னால் சிங்கப்பூர் சிலேத்தார் விமான நிலையத்தில், விமானங்களைப் பழுது பார்க்கும் எங்கள் ஹேங்கருக்கு ஒரு செஸ்னா 172, ஒற்றை எஞ்சின் சின்ன விமானம், வந்தது. 1978-இல் செய்த விமானம், ஒரு தனியாருக்குச் சொந்தமானது. கோளாறுகளை எழுதி வைக்கும் டெக் லாக்கில் ஒரே ஒரு வரி: வலது டேங்க் எரிபொருள் ஊசி ஆடுகிறது, சில நேரம் காலி என்று காட்டுகிறது. பழைய பக்கங்களைப் புரட்டினால் இதே புகார் இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது, வேறு ஒரு பட்டறையில். முதல் தடவை கேஜை, அதாவது ஊசி இருக்கும் காட்டியை, மாற்றியிருக்கிறார்கள். அடுத்த தடவை டேங்கில் இருந்து அளவைக் கேஜுக்குச் சொல்லும் சென்டிங் யூனிட்டை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் சில மாதம் நன்றாக ஓடி, மறுபடி ஆட ஆரம்பித்திருக்கிறது.

மின்சார வேலையில் எனக்குப் பிடிக்காத பழக்கம் இதுதான், ஊசி தப்பாகக் காட்டினால் ஊசியை மாற்றுவது. காசு போவது ஒரு பக்கம். அதைவிட மோசம், பாகத்தை மாற்றும்போது வயரைக் கழற்றி மாட்டுகிறோம், அந்த அசைவிலேயே கோளாறு தற்காலிகமாகச் சரியாகிவிடும், நாமும் புதுப் பாகம்தான் சரிசெய்தது என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

இந்த அமைப்பு ரொம்ப எளிமையானது. இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு டேங்க், ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை. எரிபொருள் ஏறி இறங்க மிதவையும் ஏறி இறங்கும், அதன் கை ஒரு மின்தடைச் சுருளின் மேல் நகரும், இதுதான் சென்டிங் யூனிட். கேஜிலிருந்து ஒரே ஒரு வயர் யூனிட்டுக்கு வருகிறது, மின்சாரம் அந்தச் சுருள் வழியாகப் போய் விமானத்தின் உடம்பு வழியாகத் திரும்புகிறது. ஆக கேஜுக்குத் தெரிவது மொத்தத் தடை மட்டும்தான். மிதவை மாற்றிய தடை எது, துருப்பிடித்த ஒரு திருகு சேர்த்த தடை எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நான் மீட்டரை எடுத்துக்கொண்டு போகும்போது எங்கள் ஹேங்கர் அண்ணன் கூப்பிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர். "தம்பி, ஒண்ணையும் கழட்டாதே. கேஜுக்குப் பின்னாடி இடது வயரையும் வலது வயரையும் மாத்திப் போடு. எஞ்சினை ஓட்டிப் பாரு." அவ்வளவுதான் சொன்னார். இரண்டு கேஜும் ஒரே மாதிரி, இரண்டு யூனிட்டும் ஒரே மாதிரி, அதனால் இதைவிட மலிவான சோதனை கிடையாது. மாற்றிப் போட்டு வெளியே தள்ளி எஞ்சினை ஓட்டினோம். 1700 ஆர்பிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 1700 சுற்றில், இப்போது இடது ஊசி ஆடியது. வலது ஊசி அசையாமல் நின்றது. கேஜ் இரண்டும் நல்லவை என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது, முதல் தடவை கழற்றிப் போட்ட பழைய கேஜும் அநேகமாக நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்தது வயர். கூரையும் இறக்கையும் சேரும் இடத்தில் உள்ளே இருக்கும் உறையைக் கழற்றினால் யூனிட் தெரியும். பக்கத்தில் எரிபொருள் இருப்பதால் எதையும் கழற்றுவதற்கு முன் பேட்டரியைத் துண்டித்து, கதவுகளைத் திறந்து வைத்து, ஆவி போக நேரம் கொடுத்துத்தான் வேலை. வயரை யூனிட்டிலிருந்து எடுத்து, அதன் முனைக்கும் நல்ல சுத்தமான ஒரு கிரவுண்டுக்கும் (மின்சாரம் விமானத்தின் உடம்புக்குத் திரும்பும் இணைப்பு) நடுவில் தடையை மாற்றக்கூடிய ஒரு பெட்டியை மாட்டினோம். பேட்டரியைத் திரும்ப இணைத்து மாஸ்டர் சுவிட்சைப் போட்டால், பெட்டியின் குமிழைத் திருப்பத் திருப்ப ஊசி சீராக ஏறி இறங்கியது. நான் வயரை நீளம் முழுக்கப் பிடித்து ஆட்டினேன். ஊசி துளிகூட அசையவில்லை. கேஜ் சரி, வயர் சரி.

மிச்சம் யூனிட்டும் அதன் கிரவுண்டும். இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் விட்டேன். யூனிட்டின் முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே தடை நிலையாக இருந்தது. யூனிட் உடம்புக்கும் விமானத்தின் உடம்புக்கும் நடுவே வைத்தால் 0.4 ஓம். மீட்டர் வயர்களையே ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தால் 0.3 காட்டுகிறது, அப்படியானால் இது நல்ல இணைப்புதானே என்று நினைத்துவிட்டேன். சாதாரண மீட்டரை வைத்துக்கொண்டு கிரவுண்டை முடிவு செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த நேரத்தில் மனசு சுலபமான பதிலைத்தான் தேடியது. விமான வேலையில் பாண்டிங் இணைப்புக்கு, அதாவது உலோகப் பாகங்களை மின்சாரம் தடையில்லாமல் ஓடும்படி சேர்க்கும் இணைப்புக்கு, சொல்லப்படும் வரம்பு 0.003 ஓம். என் மீட்டர் அந்த அளவைப் பார்க்கவே முடியாது. அது மட்டுமில்லை, அப்போது விமானம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது, கோளாறு வருவதோ எஞ்சின் அதிரும்போது.

அதனால் ஓமை விட்டுவிட்டு வோல்ட்டுக்குப் போனேன். வயரைத் திரும்ப மாட்டி, மாஸ்டரைப் போட்டு, மீட்டரின் ஒரு முனை யூனிட் உடம்பில், மறுமுனை விமானத்தின் உடம்பில். இணைப்பு நன்றாக இருந்தால் இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் வோல்ட்டேஜ் இருக்கவே கூடாது. சில மில்லிவோல்ட் காட்டியது. அண்ணன் வெளியே நின்று இறக்கையின் அடியில் உள்ளங்கையால் தட்டினார். மீட்டர் ஒரு வோல்ட்டைத் தாண்டிக் குதித்தது, அதே நேரம் ஊசி கீழே விழுந்தது. இன்னொரு தடவை தட்டச் சொன்னேன். மறுபடியும் விழுந்தது. அந்த நொடி எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இந்த வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

யூனிட்டின் திருகு ஒன்றிலிருந்து ஒரு சின்னக் கிரவுண்ட் வயர் போய் இறக்கையின் ரிப்பில், அதாவது உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டத்தில், முடிகிறது. யூனிட் பக்கத்து முனை பளபளவென்று இருந்தது, போன தடவை யூனிட் மாற்றியபோது அதைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ரிப் பக்கத்து முனையை யாரும் தொடவில்லை. திருகைக் கழற்றி மோதிர முனையைத் தூக்கினேன், அடியில் வெள்ளைப் பொடி. விரலில் எடுத்தால் திருநீறு போல ஒட்டியது. ரிப் அலுமினியம், முனை தகரம் பூசிய செம்பு. இரண்டு வேறு உலோகம், நடுவில் ஈரம், அவ்வளவு போதும், அலுமினியம் அரிபட ஆரம்பித்துவிடும். அந்தப் பொடி மின்சாரத்தைக் கடத்தாது. ஜோகூர் நீரிணைக்குப் பக்கத்தில், வருஷம் முழுக்க வேர்த்துக் கொட்டும் ஊரில் ஒரு விமானத்தை நிறுத்தி வைத்தால் இந்த மாதிரி இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும், டிசம்பர் மழைக்குப் பிறகு கட்டாயம்.

சரிசெய்த கதை சின்னது. பொடியை நைலான் பேடால் தேய்த்து வெள்ளி நிறம் வரும்வரை எடுத்தோம், அரிப்பு ஆழமாக இல்லை, கடத்தக்கூடிய பாதுகாப்புப் பூச்சு கொடுத்தோம், புது முனை, புதுத் திருகு, முறுக்கிய பிறகு மேலே சீலன்ட். மில்லிஓம் மீட்டரை வைத்துப் பார்த்தோம், வரம்புக்குள் வந்தது.

அப்புறம் அளவு சரிபார்த்தல். இந்த வகையில் மொத்தம் 43 காலன் பிடிக்கும், அதில் பறக்கும்போது பயன்படுத்தக்கூடியது 40. டேங்குக்கு ஒன்றரைக் காலன், அதாவது சுமார் 5.7 லிட்டர், அடியில் தங்கிவிடும். வலது டேங்கைக் காலி செய்து, விமானத்தைச் சமமாக நிறுத்தி, அந்த ஒன்றரைக் காலனை மட்டும் ஊற்றினோம். ஊசி சிவப்புக் கோட்டில் நின்றது. அதற்குப் பிறகு ஐந்து ஐந்து காலனாக ஊற்றி ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொண்டோம்.

விமானத்தை எடுக்க வந்த பைலட்டிடம் இதையெல்லாம் காட்டினேன். அவர் சொன்ன ஒன்று எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது: "அந்த ஊசியை நான் பார்க்கிறதையே விட்டு ரொம்ப நாளாச்சுண்ணே." கிளம்புவதற்கு முன் டேங்க் மூடியைத் திறந்து அளவுகோல் விட்டுப் பார்ப்பது, மணிக்கு எவ்வளவு எரியும் என்று கணக்குப் போடுவது, இதெல்லாம் சரியான பழக்கம், ஊசியை மட்டும் நம்பிப் பறக்கச் சொல்லி யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. ஆனால் மூடி ஒழுகினாலோ வடிகால் வால்வு சரியாக மூடாமல் போனாலோ, வானத்தில் அதைச் சொல்ல அந்த ஊசி ஒன்றுதான் இருக்கிறது. கணக்குக்குத் தெரியாது. அதை அவரிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் இடது பக்கத்தையும் பார்த்துவிட முடியுமா என்று கேட்டார்.

அன்று மத்தியானமே இடது உறையைக் கழற்றினோம். அந்த ஊசி இதுவரை ஒரு தடவைகூட ஆடியதில்லை. ரிப் பக்கத்துத் திருகைக் கழற்றினால், முனையின் ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு அதே வெள்ளைப் பொடி.